ஆராய்ச்சியும் அங்கன்வாடியும்

மும்பையின் வரைபடத்தைப் பார்ப்போமாயின் மாதுங்காவும் தாராவியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதைக் காணலாம். இடையில் இருப்பவை ரயில் பாதைகளே. மாதுங்காவில் எஸ். என். டி. டி. மகளிர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மனையியல் கல்லூரி இருக்கிறது. கிழக்கே செம்பூரைக் கடந்தால் தேவனாரில் டாட்டா சமூக விஞ்ஞானக் கழகம் 1954 முதல் இயங்கி வருகிறது. தாராவியின் சந்துகளில் ஒற்றை அறைகளில் அங்கன்வாடிகள் நடைபெறுகின்றன. தூரம் மிகச் சிறிது. ஆயினும், குழந்தையின் வளர்ச்சியைப் பற்றி உலகில் எங்கோ கண்டறியப்பட்ட ஓர் உண்மை, அந்த ஒற்றை அறையில் பாய் விரித்து இருபது குழந்தைகளை அமர்த்தியிருக்கும் பணியாளரை வந்தடையப் பல ஆண்டுகள் ஆகின்றன. சில உண்மைகள் வந்தடைவதே இல்லை.

இத்தாமதத்தால் இழப்பவர் யார் என்று கேட்க வேண்டும். ஆராய்ச்சியாளருக்கு இழப்பில்லை; அவருடைய அறிக்கை நூலகத்தில் பத்திரமாக இருக்கும். அலுவலகத்திற்கும் இழப்பில்லை. மூன்று வயதில் அங்கன்வாடிக்குள் நுழையும் குழந்தையோ ஆறு வயதில் அதை விட்டு வெளியேறிவிடுகிறது. அதற்கென உள்ள காலம் மூன்றே ஆண்டுகள். மூளையின் பருமன் ஆறு வயதிற்குள் முதிர்ந்தவருக்கு உள்ள அளவில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடுகிறது என்று உடலியல் அறிஞர் கூறுகின்றனர். ஆகவே, நான்காம் ஆண்டில் வந்து சேரும் நல்ல கருத்து அடுத்த குழந்தைக்கு உதவலாம். இந்தக் குழந்தைக்கு உதவாது.

இளங்குழந்தைக் கல்வி பற்றிய ஆராய்ச்சிகளில் களப்பணியாளருக்குப் பயன்படுபவை எவை, அவை எவ்வடிவில் அவரை அடைய வேண்டும், அவரிடமிருந்து ஆராய்ச்சியாளர் பெற வேண்டியது யாது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

முன்னோர் காட்டிய வழி

ஆராய்ச்சியை எளியோரின் குழந்தைகளிடம் கொண்டு சேர்க்கும் முயற்சி இப்பகுதிக்குப் புதியதன்று. 1892-இல் பம்பாயில் பிறந்த தாராபாய் மோடக் அம்மையார், குஜராத்தில் பாவ்நகர் தட்சிணாமூர்த்தி நிறுவனத்தில் கிஜுபாய் பதேகாவுடன் சேர்ந்து பணியாற்றியவர். இத்தாலிய மருத்துவரான மரியா மாண்டிசோரி அம்மையார் வகுத்த கல்வி முறையை இந்தியக் குழந்தைகளின் வாழ்க்கைக்கு ஏற்ப அமைப்பதே அவ்விருவரின் நோக்கமாக இருந்தது. 1926-இல் நூதன் பால சிக்ஷண சங்கம் தோன்றியது. ஆசிரியரும் பெற்றோரும் படிக்கத்தக்க வகையில் குழந்தைக் கல்வி பற்றிய கருத்துகளை எளிய நடையில் எடுத்துரைக்க ‘சிக்ஷண பத்திரிகா’ என்ற இதழும் நடத்தப்பட்டது. பின்னர் பம்பாயின் தாதர் பகுதியில் சிசு விஹார் நிறுவப்பட்டது.

நகரத்தில் நடைபெற்ற இப்பணி நன்கு வேரூன்றிய பின்னரும் ஒரு கேள்வி எஞ்சி நின்றது. விலையுயர்ந்த சாதனங்களும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் இல்லாத இடத்திலுள்ள குழந்தைகளின் கதி யாது? இக்கேள்விக்கு விடை காண்பதற்காகத் தாராபாய் அம்மையார் 1945-இல் பம்பாய்க்கு வடக்கே கடலோரத்திலுள்ள போர்டி என்னும் சிற்றூருக்குச் சென்று கிராமக் குழந்தைகளுக்கான கேந்திரத்தைத் தொடங்கினார். அனுதாயி வாக் அம்மையார் அவருக்குத் துணை நின்றார். 1957-இல் இப்பணி கோஸ்பாடு என்னும் குன்றுப் பகுதிக்கு மாறி, வார்லி பழங்குடி மக்களிடையே வளர்ந்தது.

அங்கே அவர்கள் கையாண்ட முறை இன்றைய களப்பணியாளர் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. மாண்டிசோரிச் சாதனங்களின் உட்கருத்து அளவு, எடை, நிறம், வடிவம், சொரசொரப்பு, வழுவழுப்பு ஆகியவற்றைக் குழந்தை தன் கையால் தொட்டு, கண்ணால் கண்டு, வேறுபடுத்தி அறிவதாகும். பளபளப்பான மரக்கட்டைகள் அக்கருத்தின் உடை மட்டுமே. உடையை மாற்றிவிட்டுக் கருத்தை வைத்துக்கொள்ளலாம் அல்லவா? கூழாங்கற்கள், விதைகள், சிப்பிகள், இலைகள், பூக்கள் ஆகியவை சாதனங்களாயின. குழந்தைகள் பள்ளிக்கு வராதபோது பள்ளியே அவர்களுடைய குடியிருப்பின் முற்றத்திற்குச் சென்றது. மாடு மேய்க்கும் சிறுவர்களுக்கு மேய்ச்சல் வெளியில் பள்ளி நடந்தது. ‘அங்கன்’ என்றால் முற்றம். அங்கன்வாடி என்ற பெயரின் பொருளே இதுதான்.

இவ்வரலாற்றில் மூன்று படிகள் உள்ளன. ஆராய்ச்சியின் உட்கருத்தைப் பிரித்தெடுத்தல் முதற்படி. அதைக் கையில் கிடைக்கும் பொருளோடு இணைத்தல் இரண்டாம் படி. குழந்தை இருக்கும் இடத்திற்கே அதைக் கொண்டு செல்லுதல் மூன்றாம் படி. இவற்றுள் எந்தப் படி தவறினும் ஆராய்ச்சி குழந்தையை அடைவதில்லை.

ஒருவர் கையில் பல பணிகள்

1975 அக்டோபர் 2-ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டில் 33 இடங்களில் தொடங்கப்பட்டது. மகாராஷ்டிரத்தில் முதற்கட்டத்திலேயே இத்திட்டம் எய்திய இடங்களுள் தாராவியும் ஒன்று. இன்று நாடு முழுவதும் ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடிகள் இயங்குகின்றன.

துணை உணவு, தடுப்பு ஊசி, உடல்நலப் பரிசோதனை, மருத்துவமனைக்குப் பரிந்துரை, தாய்மாருக்கு ஊட்டச்சத்து மற்றும் சுகாதாரக் கல்வி, மூன்று முதல் ஆறு வயதுவரை உள்ள குழந்தைகளுக்குப் பள்ளிக்கு முந்திய கல்வி ஆகிய ஆறும் இத்திட்டத்தின் சேவைகள். எடை பார்ப்பது, உணவு வழங்குவது, பதிவேடு எழுதுவது, கைப்பேசியில் விவரம் ஏற்றுவது, வீடுதோறும் செல்வது எனப் பணியாளரின் நாள் கழிகிறது. இவற்றுள் எது தவறினும் மேலதிகாரி கேட்பார். குழந்தைகளுக்குக் கதை சொல்லாமல் விட்டால் கேட்பவர் குறைவு. கதை எந்தப் பதிவேட்டிலும் கிலோக்கணக்கில் ஏறுவதில்லை. ஆகவே கல்வி என்னும் ஆறாவது சேவையே முதலில் சுருங்கிப்போகிறது. ஆராய்ச்சி முடிவுகளை எடுத்துரைக்க முன்வருவோர் இந்த நிலைமையை முதலில் உணர வேண்டும்.

அண்மைக்கால ஆராய்ச்சிகள் கூறுவன

இளங்குழந்தைக் கல்வி பற்றி வெளிவந்துள்ள ஆராய்ச்சிகள் ஏராளம். களப்பணிக்கு நேரே உதவக்கூடிய சிலவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, வருகை மட்டும் போதாது என்பது. தில்லி அம்பேத்கர் பல்கலைக்கழகத்தின் இளங்குழந்தைக் கல்வி மையமும் அசர் மையமும் சேர்ந்து ராஜஸ்தான், அஸ்ஸாம், தெலங்கானா ஆகிய மாநிலங்களில் ஏறத்தாழ 14,000 குழந்தைகளை நான்கு வயது முதல் எட்டு வயது வரை தொடர்ந்து கவனித்தன. அதன் அறிக்கை 2017-இல் வெளிவந்தது. பள்ளிக்கு முந்திய நிலையத்திற்குப் போகிறார்களா இல்லையா என்பதைவிட, அங்கே என்ன நடைபெறுகிறது என்பதே முக்கியம் என அது காட்டியது. ஐந்து வயதில் பள்ளிப் படிப்புக்குத் தேவையான ஆயத்தம் பெரும்பாலோரிடம் குறைவாகவே இருந்தது. எழுத்தையும் எண்ணையும் திரும்பத் திரும்ப எழுதச் செய்வதைக் காட்டிலும், வயதுக்கேற்ற விளையாட்டும் உரையாடலும் மிகுந்த நிலையங்களில் குழந்தைகள் மேலான ஆயத்தம் பெற்றனர். சிலேட்டில் நூறு வரை எழுதும் மூன்று வயதுக் குழந்தையைக் கண்டு பெற்றோர் மகிழ்வது இயல்பே. ஆனால் அது வளர்ச்சியின் அடையாளமாகாது என்பதை அவர்களுக்குப் பொறுமையாக விளக்கவேண்டிய கடமை நமக்கு உண்டு.

இரண்டாவது, பேச்சைப் பற்றியது. வறிய குடும்பங்களில் குழந்தைகள் கேட்கும் சொற்கள் மிகக் குறைவு என்று அமெரிக்காவில் 42 குடும்பங்களை ஆராய்ந்து 1995-இல் இருவர் எழுதினர். அக்கருத்து உலகெங்கும் பரவியது. பின்னர் வந்த வேறு ஆராய்ச்சியாளர்கள், சுற்றத்தார் பேசுவதையும் சேர்த்துக் கணக்கிட்டபோது அவ்வேறுபாடு அவ்வளவு உறுதியாகத் தென்படவில்லை என்றனர். தாராவியின் ஒற்றை அறை வீட்டில் பாட்டி, அத்தை, அண்டை வீட்டார், மேல்மாடியில் குடியிருப்போர் என எத்தனையோ குரல்கள் குழந்தையின் காதில் விழுகின்றன. ஆகவே ஏழைத் தாய் பேசுவதில்லை என்று பழி சுமத்த எவரும் விரைதல் கூடாது. அதே சமயத்தில், காதில் விழும் சொற்களின் தொகையைவிட, குழந்தையும் பெரியவரும் மாறி மாறிப் பேசும் பேச்சே மொழி வளர்ச்சியோடு நெருங்கிய தொடர்புடையது என்று 2018-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. இதிலிருந்து பணியாளர் கொள்ளத்தக்கது யாதெனில், குழந்தையிடம் கேள்வி கேட்டபின் சற்றே காத்திருக்க வேண்டும். அது சொல்லும் விடையை வைத்தே அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். ‘இது என்ன?’ என்று கேட்டு, ‘பந்து’ என்ற விடையோடு நிறுத்திவிடாமல், ‘பந்து எங்கே உருண்டு போயிற்று?’, ‘அதை எப்படி எடுப்போம்?’ எனத் தொடர வேண்டும்.

மூன்றாவது, விளையாட்டுக்கும் கணிதத்திற்கும் உள்ள உறவைப் பற்றியது. தில்லியில் பிரதம் அமைப்பின் 214 பாலர் நிலையங்களில் 1,540 குழந்தைகளைக் கொண்டு ஒரு பரிசோதனை நடந்தது; அதன் முடிவு 2017-இல் வெளிவந்தது. இரு தொகுதிப் புள்ளிகளில் எது அதிகம், பல வடிவங்களில் மாறுபட்டது எது என்பன போன்ற விளையாட்டுகளைச் சில மாதங்கள் ஆடிய குழந்தைகளிடம் அளவையும் வடிவத்தையும் உணரும் ஆற்றல் வளர்ந்தது. ஓராண்டு கடந்த பின்னரும் அது நிலைத்திருந்தது. எனினும் தொடக்கப் பள்ளியில் எண் குறிகளைக் கொண்டு செய்யும் கணக்கில் அவர்கள் மற்றவர்களை விஞ்சவில்லை. எதிர்பார்த்த வெற்றி முழுவதும் கிட்டவில்லை என்பதை ஆராய்ச்சியாளர் மறைக்காமல் வெளியிட்டது போற்றத்தக்கது. பணியாளருக்கு இதில் ஒரு படிப்பினை உண்டு: விளையாட்டு தானாகவே பாடமாகிவிடும் என்று இருந்துவிடலாகாது. ‘எது அதிகம்?’ என்ற விளையாட்டு நன்கு பழகிய பிறகு, ஐந்து மணிகளின் அருகில் 5 என்று எழுதிய அட்டையை வைத்து, ‘ஐந்து’ என்று வாயாலும் சொல்லி, உணர்வுக்கும் சொல்லுக்கும் குறிக்கும் பாலம் அமைத்தல் நலம்.

நான்காவது, வீட்டுப் பொம்மைகளைப் பற்றியது. ஜமெய்க்கா நாட்டுத் தலைநகர் கிங்ஸ்டனில் 1986-87-இல் வளர்ச்சி குன்றிய 129 இளங்குழந்தைகளைக் கொண்டு ஒரு பரிசோதனை தொடங்கிற்று. சாதாரண சுகாதார ஊழியர் வாரம் ஒருமுறை வீட்டிற்குச் சென்று, கழிவுப் பொருள்களால் செய்த பொம்மைகளைக் கொண்டு குழந்தையோடு எப்படி விளையாடுவது என்பதைத் தாய்க்குக் காட்டினர். இரண்டாண்டுகள் இது நடைபெற்றது. இருபது ஆண்டுகளுக்குப் பின் அவர்களைத் தேடிக் கண்டு விசாரித்தபோது, இவ்வுதவி பெறாத ஒத்த நிலையினரைவிட அவர்களுடைய ஊதியம் ஏறத்தாழ 25 சதவீதம் அதிகமாக இருந்தது. இதே முறை ஒடிசாவின் 192 கிராமங்களில் சோதிக்கப்பட்டு அதன் முடிவு 2020-இல் வெளிவந்தது. வீடு வீடாகச் செல்வதும், தாய்மாரையும் குழந்தைகளையும் ஓரிடத்தில் குழுவாகக் கூட்டுவதும் குழந்தைகளின் அறிவு வளர்ச்சிக்கு உதவின. குழுமுறைக்கு ஆகும் செலவோ மிகக் குறைவு. சந்து நெருக்கமும் வீட்டு நெருக்கமும் உள்ள தாராவிக்கு இக்குழுமுறை பொருந்துமா என்பது சோதித்துப் பார்க்கத்தக்கது.

ஐந்தாவது, நேரத்தைப் பற்றியது. தமிழ்நாட்டில் நான்கு மாவட்டங்களைச் சேர்ந்த 320 அங்கன்வாடிகளில் கார்த்திக் முரளிதரன் முதலிய பொருளாதார அறிஞர்கள் நடத்திய பரிசோதனையின் முடிவு 2021-இல் வெளியாயிற்று. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட நிலையங்களில், பள்ளிக்கு முந்திய கல்விக்கென்றே அரைநாள் பணியாளர் ஒருவர் கூடுதலாக அமர்த்தப்பட்டார். கல்விக்குக் கிடைத்த நேரம் இரு மடங்காயிற்று. குழந்தைகளின் கணக்கு, மொழித் திறன் இரண்டும் உயர்ந்தன. அதோடு வேறொரு பயனும் விளைந்தது. பழைய பணியாளருக்குச் சுகாதார வேலைக்கு நேரம் கிடைத்தமையால், வளர்ச்சி குன்றலும் கடுமையான ஊட்டக்குறைவும் குறைந்தன. கல்விக்குக் கொடுத்த நேரம் உடல்நலத்தையும் வளர்த்தது என்பது திட்டம் வகுப்போர் கவனிக்கவேண்டிய முடிவாகும். ‘இன்னும் கொஞ்சம் முயன்றால் முடியாதா?’ என்று தனியொரு பணியாளரிடம் கேட்பவர்களுக்கும் இதுவே தக்க விடை.

வீட்டுமொழியின் இடம்

தாராவியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. அவற்றோடு மராட்டியம், உருது, குஜராத்தி, தெலுங்கு, இந்தி பேசுவோரின் குடும்பங்களும் உள்ளன. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, நிலையத்தில் மராத்தி என்று மூன்று மொழிகளுக்கிடையே மூன்று வயதுக் குழந்தை நிற்பது அங்கே அன்றாடக் காட்சியே.

அத்தகைய குழந்தை முதற் சில வாரங்கள் வாய் திறவாமல் இருக்கலாம். அதை மந்தம் என்று எழுதிவிடுதல் பெருந்தவறு. புதிய மொழியினிடையே வைக்கப்பட்ட குழந்தை முதலில் கேட்டுக்கேட்டுச் சேமிக்கிறது. பேச்சு பின்னர் வருகிறது. மௌனமாக இருக்கும் அக்காலத்திலும் சொல்லியவற்றைச் செய்கிறதா, மற்றவர் விளையாடுவதைக் கண்ணால் தொடர்கிறதா, வீட்டில் தன் மொழியில் பேசுகிறதா என்று கவனிக்க வேண்டும். வீட்டிலும் பேசவில்லை என்றாலோ, ஓசைக்குத் திரும்பவில்லை என்றாலோ மருத்துவரிடம் காட்டுவதில் தாமதம் கூடாது.

தாய்மொழியே தொடக்கக் கல்விக்குச் சிறந்த வாயில் என்று ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, பண்பாட்டு ஸ்தாபனம் 1953-இல் வெளியிட்ட நூல் எடுத்துரைத்தது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் வீட்டுமொழிக்கு முதலிடம் தருகிறது. மும்பை மாநகராட்சி தமிழ் உள்ளிட்ட எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்தி வந்திருப்பதும் இக்கருத்துக்கு இசைந்ததே. பல மொழிக் குழந்தைகள் ஒரே பாயில் அமரும் நிலையத்தில் பணியாளர் என்ன செய்யலாம்? எல்லா மொழிகளையும் அவர் கற்க இயலாது. ஆயினும் ஒவ்வொரு வீட்டுமொழியிலும் இருபது சொற்களை அறிந்துகொள்ள இயலும். தண்ணீர், பசி, வலி, சிறுநீர், அம்மா வருவாள் என்பன முதலில் வேண்டியவை. வாரம் ஒருமுறை ஒரு தாயையோ பாட்டியையோ அழைத்து அவர்கள் மொழியிலேயே கதை சொல்லச் செய்யலாம். தன் வீட்டு மொழி அவ்வறையில் ஒலிப்பதைக் கேட்ட குழந்தை அந்த அறையைத் தன்னுடையதாகக் கொள்ளும்.

அறிக்கை பாய்க்கு வந்து சேர்வது எவ்வாறு?

2023 மே மாதத்தில் ‘போஷண் பீ, படாயீ பீ’, அதாவது ஊட்டத்தோடு கல்வியும் என்னும் இயக்கம் தொடங்கப்பட்டது. அங்கன்வாடிப் பணியாளருக்கு இளங்குழந்தைக் கல்வியில் பயிற்சி அளிப்பதும், நாள்தோறும் குறைந்தது இரண்டு மணி நேரம் கல்விக்கு ஒதுக்குவதும் அதன் நோக்கங்கள். இத்தகைய பயிற்சி மேலிருந்து கீழாகப் படிப்படியாக வருவது. தலைமைப் பயிற்சியாளர் அடுத்தவருக்குக் கற்பிக்க, அவர் அதற்கடுத்தவருக்குக் கற்பிக்கிறார். குடத்திலிருந்து குடத்திற்கு ஊற்றும் தண்ணீர்போல், ஒவ்வொரு படியிலும் சிறிது சிந்திப்போகும். அதைக் குறைப்பதற்கான வழிகளைக் காண்போம்.

முதலாவதாக, மொழி. இவ்வறிக்கைகளைத் தமிழாக்கும் பணியில் உள்ளோர் நன்கறிந்த செய்தி ஒன்று உண்டு. ‘புலனறிவுத் தூண்டலுக்கு ஏற்ற சூழலை ஏற்படுத்துக’ என்று எழுதினால் மூலத்துக்குப் பழுதில்லை, சொற்களும் தூய்மையானவையே. ஆனால் அதைப் படித்த பணியாளர் மறுநாள் காலையில் என்ன செய்வார்? ஒன்றும் செய்ய இயலாது. ‘கரடான துணி ஒன்றும் வழுவழுப்பான துணி ஒன்றும் குழந்தையின் கையில் கொடுத்து, எது எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்’ என்று எழுதினால் அவர் செய்வார். வாக்கியத்தின் முடிவில் கைக்கு ஒரு வேலை இல்லையாயின், மொழிபெயர்ப்பு முடியவில்லை என்றே கொள்ள வேண்டும்.

இரண்டாவதாக, அளவு. மாதாந்தரக் கூட்டத்தில் மேற்பார்வையாளர் பத்துக் கருத்துகளைச் சொல்வதைவிட, ஒரே ஒரு கருத்தைச் சொல்லி, அதைச் செய்துகாட்டி, பணியாளரையும் அங்கேயே செய்யச் சொல்லி, அடுத்த மாதம் அதைப் பற்றியே விசாரிப்பது பயன் தரும். ஆண்டுக்குப் பன்னிரண்டு கருத்துகள் நிலைபெற்றால் அதுவே பெரிய செல்வம்.

மூன்றாவதாக, பொருள். தாராபாய் அம்மையார் சிப்பியையும் விதையையும் எடுத்துக்கொண்டார். தாராவிக்கு அதன் சொந்தப் பொருள்கள் உண்டு. கும்பார்வாடாவில் குயவரின் களிமண், தையற்கூடங்களில் பல நிறத் துணித் துண்டுகள், தோல் வேலைக்கூடங்களின் வெட்டுத் துண்டுகள், பழைய அட்டைப் பெட்டிகள் ஆகியவை குழந்தையின் பெற்றோர் அன்றாடம் கையாள்பவை. களிமண் விரல்களுக்கு வலுவூட்டி எழுதுகோல் பிடிக்க ஆயத்தம் செய்யும். துணித் துண்டுகளால் நிறம், வடிவம், ஒழுங்குமுறை ஆகியவற்றைக் கற்பிக்கலாம். தாயின் தொழிலைச் சேர்ந்த பொருள் நிலையத்தில் மதிப்புப் பெறும்போது தாயும் மதிப்புப் பெறுகிறாள். இங்கே எச்சரிக்கையும் வேண்டும். சாயமோ ரசாயன வாடையோ உள்ள துண்டுகளை விலக்க வேண்டும். கூர்முனை கூடாது. பொத்தான், மணி, கடலை போன்ற சிறு பொருள்களை மூன்று வயதிற்குட்பட்ட குழந்தைகளின் கைக்கெட்டாத இடத்தில் வைக்க வேண்டும். மூச்சுக்குழலில் அடைத்து உயிருக்கே ஆபத்து நேரும்.

நான்காவதாக, நேர்மை. ஓர் ஆராய்ச்சி எங்கே, எத்தனை குழந்தைகளைக் கொண்டு நடந்தது, அதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதையும் பணியாளருக்குச் சொல்ல வேண்டும். அவருக்கு இது புரியாது என்று நினைப்பது தவறு. குழந்தைகளை நாள்தோறும் கண்ணால் காண்பவர் அவர். ‘எல்லாக் குழந்தைகளுக்கும் இது பலிக்கும்’ என்று சொல்லி, பலிக்காதபோது அவர் மீதே குறை கூறினால், அடுத்த ஆராய்ச்சியை அவர் நம்பமாட்டார்.

பணியாளரும் ஆராய்ச்சியில் பங்குகொள்பவரே

ஆராய்ச்சி மேலிருந்து கீழே வருவது மட்டும் போதாது. கீழிருந்து மேலேயும் செல்ல வேண்டும். ஒரு காலத்தில் இந்தியக் குழந்தைகளை அளக்க அயல்நாட்டுக் குழந்தைகளைக் கொண்டு வகுத்த அளவுகோல்களையே பயன்படுத்தினர். தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழுமத்தில் பணியாற்றிய ராஜலட்சுமி முரளிதரன் அம்மையார், இரண்டரை முதல் ஐந்து வயது வரையுள்ள இந்தியக் குழந்தைகளை நேரில் ஆராய்ந்து, நம் குழந்தைகளுக்கே உரிய வளர்ச்சி அளவுகளை வகுத்தளித்தார். நம் முற்றத்தில் உள்ள குழந்தையைக் கூர்ந்து நோக்குவதே ஆராய்ச்சியின் தொடக்கம் என்பதை அவருடைய பணி உணர்த்துகிறது.

அங்கன்வாடிப் பணியாளரும் இதைச் சிறிய அளவில் செய்யலாம். அரசாங்கப் பதிவேடுகள் போதாவென்று மற்றொன்றைச் சுமத்துவது நம் கருத்தன்று. நாள் ஒன்றுக்கு ஒரு குழந்தை, குழந்தைக்கு ஒரு வரி என ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்தில் எழுதினால் போதும். இருபது குழந்தைகள் உள்ள நிலையத்தில் மாதத்திற்கு ஒருமுறையாவது ஒவ்வொரு குழந்தையும் பணியாளரின் முழுக் கவனத்தையும் பெறும். எழுதும் வரி கண்டதைச் சொல்ல வேண்டும், தீர்ப்பைச் சொல்லலாகாது. ‘சோம்பேறி’ என்பது தீர்ப்பு. ‘பதினொரு மணிக்குப் படுத்துக்கொண்டான்; காலையில் ஒன்றும் உண்ணவில்லை என்றான்’ என்பது கண்டது. முதல் வரியால் எவருக்கும் பயனில்லை. இரண்டாம் வரி அன்றே அக்குழந்தையின் தட்டில் உணவாக மாறக்கூடும்.

இத்தகைய நோட்டுப் புத்தகங்கள் மாதாந்தரக் கூட்டத்தில் படிக்கப்பட்டு, அங்கே எழும் கேள்விகள் கல்லூரிகளையும் ஆராய்ச்சிக் கழகங்களையும் சென்றடையுமாயின், ஆராய்ச்சியாளரின் பார்வையும் மாறும். பல மொழிக் குழந்தைகள் கூடும் ஒற்றை அறையில் கதை சொல்வது எவ்வாறு? மழைக்காலத்தில் தண்ணீர் புகும் சந்தில் உடற்பயிற்சி விளையாட்டுகளை எங்கே நடத்துவது? குடும்பம் இடம் மாறிப் பாதி ஆண்டில் சென்றுவிடும் குழந்தைக்குக் கொடுக்கக்கூடியது யாது? இக்கேள்விகளைக் கேட்கத் தெரிந்தவர் பாயில் அமர்ந்திருப்பவரே.

முடிவுரை

மாதுங்காவுக்கும் தாராவிக்கும் இடையேயுள்ள தூரத்தை அளக்க அடிக்கோல் உதவாது. ஒரு குழந்தை மூன்று வயதிலிருந்து ஆறு வயதாகும் காலத்தைக்கொண்டே அதை அளக்க வேண்டும். அக்காலத்திற்குள் வந்து சேரும் ஆராய்ச்சியே அக்குழந்தைக்கு ஆராய்ச்சி.

இதைப் படிக்கும் களப்பணியாளரும் ஆசிரியரும் மேற்கூறிய யாவற்றையும் ஒரே நாளில் மேற்கொள்ள வேண்டுவதில்லை. நாளைக் காலையில் ஒரு குழந்தையிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, அது விடை சொல்லும்வரை காத்திருங்கள். அது சொல்வதை வைத்து மற்றொரு கேள்வி கேளுங்கள். மாலையில் அதைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரியை அடுத்த கூட்டத்திற்குக் கொண்டுபோங்கள்.